நீர் நிரப்பும் குழாயின் உட்புறம்

எங்கள் வீட்டில் மூன்று மீன்தொட்டிகளும் இரண்டு குழாய்களும் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டிகளின் முன்னால் நின்று மீன்களின் பெயரையும் விலையையும் கேட்பார்கள். குழாய்களைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் பல ஆண்டுகள் அவற்றைப் பற்றி யோசித்ததில்லை. ஒன்று, தொட்டியின் அடியில் படியும் கழிவை உறிஞ்சி வாளிக்குக் கொண்டுபோகும் 3 மீட்டர் சைபன் குழாய். மற்றொன்று, பால்கனியில் இருக்கும் 100 லிட்டர் டிரம்மிலிருந்து கூடத்துத் தொட்டிகள் வரை நீளும் 10 மீட்டர் குழாய். சனிக்கிழமை மாலை டிரம்மில் நீரைப் பிடித்துத் திறந்து வைப்பேன்; குளோரினைப் போக்கும் ஆன்டி குளோரின் மருந்து கலந்த அந்த நீரை ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சிறிய மோட்டார் இந்தக் குழாய் வழியாகத் தொட்டிகளுக்குத் தள்ளும். வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு நீர் மாற்றுவது வழக்கம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, மோட்டாரைப் போட்ட உடனே நிரப்பும் குழாயின் வாயிலிருந்து தேயிலைத்தூள் போன்ற கறுப்புத் துகள்கள் தொட்டிக்குள் கொட்டின. இரை போடுகிறார்கள் என்று நினைத்து ஏஞ்சல் மீன்கள் பாய்ந்து வந்து அவற்றை வாயில் போட்டுத் துப்பின. அதற்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உள்ளே போய்விட்டது. கையை வைத்துப் பார்த்தபோது அந்த நீர் சுட்டது. அடுத்த மூன்று நாள்களில் இரண்டு மீன்கள் இறந்தன. அவை இறந்ததற்கு அந்தக் குழாய்தான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் வேறு எதையும் அந்த வாரம் நான் மாற்றியிருக்கவில்லை என்பதும் உண்மை.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் உறைத்தது. கழிவை வெளியேற்றும் சைபன் குழாயை நான் ஒவ்வொரு வாரமும் ஒழுங்காகக் கழுவிக்கொண்டிருந்தேன். நிரப்பும் குழாயை வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் கழுவவில்லை. அழுக்கு நீர் போகும் குழாய்தானே அழுக்காகும், நல்ல நீர் வரும் குழாயில் என்ன இருந்துவிடப் போகிறது என்பது என் எண்ணம். நிதானமாக யோசித்தால் இது தலைகீழான எண்ணம் என்பது புரியும். வெளியேற்றும் குழாயில் எது ஒட்டியிருந்தாலும் அது வாளிக்குத்தான் போகிறது. நிரப்பும் குழாயில் ஒட்டியிருப்பது முழுவதும் மீன்களிடம் போகிறது. சுத்தமாக இருந்தே ஆகவேண்டிய குழாய் இரண்டாவதுதான்.

அந்தக் குழாயின் ஒரு முனையிலிருந்து ஓர் அடி நீளத்தை வெட்டி, பிளேடால் நெடுக்காகப் பிளந்து பார்த்தேன். வெளியே பச்சை நிறத்தில் புதிதுபோல் இருந்த குழாயின் உள்ளே, பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான ஒரு தோல் முழுச் சுற்றுக்கும் படர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பாலாடைபோல் எழுந்து வந்தது. வளைந்து கிடந்த இடங்களில் அது கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. பாக்டீரியாக்கள் தமக்குள்ளிருந்து சுரக்கும் பசையால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கட்டும் படலம் அது. ஈரமும் சிறிது உணவும் கிடைக்கும் எந்தப் பரப்பிலும் அது தோன்றும். வடிகட்டியின் பஞ்சில் அம்மோனியாவைத் தின்று நமக்கு உதவும் பாக்டீரியாக்களும் இப்படித்தான் குடியிருக்கின்றன. ஆகவே படலம் என்றாலே நஞ்சு என்று பதற வேண்டியதில்லை. நீர் ஓடிக்கொண்டே இருக்கும் வடிகட்டியில் அது காற்றோட்டத்தோடு வாழ்கிறது. ஒரு மணி நேரம் நீர் ஓடி, பிறகு ஆறு நாள் தேங்கிக் கிடக்கும் குழாயிலோ உயிர்வளி தீர்ந்துபோய், உயிர்வளி தேவைப்படாத வேறு வகைப் பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. முட்டை நாற்றம் அவற்றின் வேலை. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவின் நாற்றம் அது.

இதில் என் முன்யோசனையே எனக்கு எதிராக வேலை செய்திருந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், குழாயில் வரும் நீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. வழியில் கிருமி பெருகாமல் காப்பதற்காகவே அது விடப்படுகிறது. மீனின் செவுளுக்கு ஆகாது என்பதால் நான் அதை டிரம்மிலேயே போக்கிவிட்டுத்தான் குழாய்க்குள் அனுப்புகிறேன். அதாவது, கிருமியைத் தடுக்கும் எதுவும் இல்லாத நீரை, வெயிலில் கிடந்து வெதுவெதுப்பான ஒரு குழாயில் வாரம் முழுவதும் தேக்கி வைத்திருந்தேன்.

எவ்வளவு நீர் தேங்கும் என்று கணக்குப் போட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் ஒரு மீட்டருக்கு 113 மில்லிலிட்டர் நீரைப் பிடிக்கும். 10 மீட்டருக்கு ஒரு லிட்டருக்கும் மேல் ஆகிறது. மோட்டாரை நிறுத்திய பின் இரு முனைகளிலும் கொஞ்சம் வழிந்ததும் குழாய் காலியாகிவிட்டது என்று நினைத்து வட்டவட்டமாகச் சுருட்டி ஆணியில் மாட்டிவிடுவேன். சுருட்டிய ஒவ்வொரு வட்டத்தின் அடிப்பகுதியிலும் நீர் நின்றுவிடும். பத்து வட்டம் என்றால் பத்துச் சிறு குட்டைகள்.

குளத்தூரில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். சென்னையில் அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்குக் குளத்தூரைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு தொட்டியும் மீன் பையுமாக இருக்கும் இடம் அது. எந்த மருந்து ஊற்றிக் கழுவுவது என்பதுதான் என் கேள்வி. அவர் சிரித்துக்கொண்டே, "மருந்து கிடக்கட்டும் சார். நீங்க குழாயைச் சுருட்டி வைக்கிறதை முதல்ல நிறுத்துங்க. தொங்கப் போடுங்க, காயட்டும்," என்றார். அவருடைய கடையின் பின்கட்டில், கூரைக் கம்பியின் மேல் ஐந்தாறு குழாய்கள் துணி காயப் போட்டதுபோல் நடுவில் மடிந்து, இரு முனைகளும் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன. பிறகு நான் படித்ததும் முயன்றதும் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு உரை எழுதிய மாதிரிதான்.

குழாயை உலர்த்துவது எளிது என்று நினைத்தேன், அப்படியில்லை. முதலில் உள்ளே இருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். அதற்கு நான் செய்வது இது: ஒரு முனையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கிணற்றில் கயிறு இழுப்பதுபோல் கைமாற்றிக் கைமாற்றி மறுமுனை வரை போவேன். ஒவ்வொரு முழமும் உயரும்போது அதிலிருக்கும் நீர் முன்னே தள்ளப்பட்டு மறுமுனையில் கொட்டும். பத்து மீட்டர் குழாய்க்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகு துணிக்கொடியின் மேல் மூன்று நான்கு மடிப்பாகப் போடாமல், பால்கனிக் கம்பியிலிருந்து படிக்கட்டுப் பக்கம் ஒரே மடிப்பாகத் தொங்கவிடுகிறேன். நாங்கள் இரண்டாம் தளத்தில் இருப்பதால் இது முடிகிறது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் சுவரில் சரிவாக நான்கைந்து கொக்கி அடித்து, மேலிருந்து கீழாக வளைந்து வளைந்து இறங்கும்படி மாட்டலாம். எந்த இடத்திலும் குழாய் கீழிறங்கி மறுபடி மேலேறக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

கோடையில் இப்படித் தொங்கவிட்ட குழாய் ஓரிரு நாளில் உலர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் ஆனாலும் உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களுக்கு எனக்குக் கிடைத்த வழி, வீட்டில் சும்மா கிடந்த பழைய காற்று மோட்டார். தொட்டியில் குமிழி விடும் அதே மோட்டாரின் மெல்லிய டியூபைக் குழாயின் மேல் முனையில் ஒரு சாண் நுழைத்து, இடைவெளியைத் துணியால் லேசாக அடைத்து, இரவு முழுவதும் ஓடவிட்டால் காலையில் உள்ளே துளி ஈரம் இருக்காது. மின்சாரச் செலவும் அற்பம். சில வாட் மட்டுமே இழுக்கும் மோட்டார் அது. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் பட்ட பெருமையை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை; இரவெல்லாம் கேட்ட ரீங்காரத்தைப் பற்றி மட்டுமே பேச்சு எழுந்தது.

உலர்த்துவதற்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி, மீனின் உடலை விட்டு உதிர்ந்து, கிடைத்த பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஒரு கூட்டுக்குள் பல நூறு குஞ்சுகளாகப் பிரிந்து, பிறகு நீந்திப் போய் அடுத்த மீனைப் பிடிக்கிறது. இந்த வட்டம் முழுவதும் நீருக்குள்ளேதான் நடக்க முடியும். முற்றிலும் உலர்ந்த குழாயில் அது பிழைக்காது. ஹைட்ரா, தட்டைப்புழு, தொட்டியிலிருந்து தொட்டிக்குத் தாவும் நத்தைக் குஞ்சு, அதன் பசைபோன்ற முட்டைக் கொத்து ஆகியவற்றுக்கும் ஈரம் வேண்டும். எந்த மருந்தும் குழாயின் எல்லா மூலைக்கும் சமமாகப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. காற்று போய்ச் சேரும்.

ஆனால் ஏற்கெனவே படலம் கட்டிவிட்ட குழாயை உலர்த்தினால் மட்டும் போதாது. ஈரமாக வழுவழுப்பாக இருந்த தோல் காய்ந்து, சருகாகி, அடுத்த முறை நீர் பாயும்போது செதில் செதிலாக உரிந்து வரும். மே மாதத்தில் நான் கண்ட தேயிலைத்தூள் அதுதான். அந்த வாரம் குழாயின் ஒரு பகுதி வெயிலில் தானாகவே காய்ந்திருந்தது. ஆகவே முதலில் தேய்த்து எடுக்க வேண்டும்.

10 மீட்டர் குழாயின் உட்புறத்தை எதைக் கொண்டு தேய்ப்பது? கடைகளில் கிடைக்கும் நீளமான சுருள்கம்பி பிரஷ் ஒன்றரை மீட்டர்வரை போகும். வடிகட்டிக் குழாய்களுக்கு அது போதும், இதற்குப் போதாது. நான் இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே, "ஊக்கை மாட்டி நாடா இழுக்கிற மாதிரி இழுக்கவேண்டியதுதானேடா, இதுக்கு என்ன பிரஷ்ஷு," என்றார். வழி அதுதான். ஒரு மெல்லிய நைலான் கயிற்றின் நுனியில் சிறிய நட்டு ஒன்றைக் கட்டி, குழாயைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு மேலிருந்து நட்டை உள்ளே விட்டால், கொஞ்சம் உலுக்க உலுக்க அது கீழ்முனைக்கு வந்துவிடும். நட்டை அவிழ்த்துவிட்டு, கயிற்றின் மறுமுனையில் குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே பெரிதாக வெட்டிய ஸ்பாஞ்சுத் துண்டைக் கட்டி, அதற்குப் பின்னால் இன்னொரு கயிற்றையும் சேர்த்துக் கட்டி இழுக்க வேண்டும். அந்த இரண்டாவது கயிறு முக்கியமானது. ஸ்பாஞ்சு நடுவழியில் சிக்கிக்கொண்டால் பின்னுக்கு இழுத்து விடுவிக்க அது இல்லாமல் வழியில்லை. முதல் முறை அதைக் கட்டாமல் இழுத்து, கயிறு அறுந்து, நான்காவது மீட்டரில் குழாயை வெட்டியது நான்தான்.

ஸ்பாஞ்சு போவதற்கு முன் குழாயை வெந்நீரால் நிரப்பி அரை மணி நேரம் வைத்தால் படலம் இளகும். வெந்நீர் என்றால் கைபொறுக்கும் சூடு. பிவிசி குழாயில் கொதிநீரை ஊற்றினால் அது தொய்ந்து, மடிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். சிலிகான் குழாய் கொதிநீரைத் தாங்கும். விலைதான் நமக்குத் தாங்காது. இரண்டு முறை ஸ்பாஞ்சை இழுத்து, நீரை வேகமாக ஓடவிட்டு, வருவது தெளிவாகும்வரை மறுபடியும் இழுக்கிறேன். முதன்முறை எடுத்தபோது வந்த நீரின் நிறத்தை வருணிக்காமல் விடுகிறேன்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான் பெரும்பாலும் பயன்படுத்துவது மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. அங்கே விற்கும் 6 சதவீதக் கரைசலுடன் அதே அளவு நீரைச் சேர்த்து, குழாய்க்குள் நிரப்பி, முனைகளை அடைக்காமல் இரண்டையும் மேல்நோக்கிக் கட்டி, அரை மணி நேரம் விடுவேன். அழுக்குப் பட்ட இடத்திலெல்லாம் நுரைத்துப் பொங்கும். வாயு உண்டாவதால்தான் முனைகளை மூடக் கூடாது. அது கடைசியில் நீராகவும் உயிர்வளியாகவும் பிரிந்துவிடுவதால், நன்றாக அலசினால் மீன்களுக்கு விட்டுவைக்க எதுவும் இருக்காது. கையுறை மட்டும் அவசியம்; விரல் நுனிகள் வெளுத்து எரிவதை ஒருமுறை அனுபவித்தால் போதும்.

நோய் வந்த தொட்டியில் பயன்படுத்திய குழாய்க்கு நான் பிளீச்சுக் கரைசலை எடுக்கிறேன். ஏறக்குறைய 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள திரவத்தில் 50 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் நீரில் கலந்து, 15 நிமிடம் குழாய்க்குள் நிறுத்தி, கொட்டி, பலமுறை அலசி, ஆன்டி குளோரினை வழக்கமான அளவைவிட இரட்டிப்பாகக் கலந்த நீரில் ஊறவைத்து, குளோரின் வாடை அறவே போனபின் உலர்த்த வேண்டும். வாசனையோ நிறமோ கலந்த, தரை துடைக்கும் பிளீச்சு இதற்கு ஆகாது. அவற்றில் சோப்புத் தன்மையுள்ள பொருள்கள் சேர்ந்திருக்கும். சோப்பு மீனின் செவுளைக் கெடுப்பது. குழாயின் உட்புறத்திலிருந்து அதை முழுவதும் அலசி எடுப்பதும் சிரமம். பாத்திரம் தேய்க்கும் திரவத்தால் குழாயைக் கழுவினேன் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஒருமுறை முயன்றேன். குழாய் முழுவதும் பழுப்புக் கறை ஏறி, உள்ளே இருப்பது அழுக்கா மருந்தா என்று பிரித்தறிய முடியாமல் போனதால் விட்டுவிட்டேன்.

சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அதே இந்தியத் தர நிர்ணயம் நீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் வரையறுக்கிறது; வீட்டுக் குழாய்களின் வாயில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் கடினத்தன்மை நிறைய இருக்கிறது என்று பொருள். அந்த உப்பு குழாயின் உட்சுவரிலும் படிந்து சொரசொரப்பாகி, படலத்துக்கு நல்ல பிடிமானம் கொடுக்கும். ஸ்பாஞ்சு அதை எடுக்காது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலத் தூள், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து ஒரு மணி நேரம் நிறுத்தினால் கரைந்து வந்துவிடும். வினிகரும் இதைச் செய்யும். ஆனால் இந்த இரண்டில் எதையும் பிளீச்சோடு ஒரே நாளில், ஒரே குழாயில், ஒரே வாளியில் புழங்கக் கூடாது. அமிலம் பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

அமிலத்தை ஊற்றுவதற்கு முன் முனைகளில் பித்தளை இணைப்புகள் இருந்தால் கழற்றிவிட வேண்டும். பாட்டி காலத்துப் பித்தளைக் குடம் புளியால் தேய்த்ததும் பளபளப்பது, மேலே படிந்த செம்புக் களிம்பை அமிலம் கரைத்து எடுப்பதால்தான். குழாயில் அந்தக் கரைந்த செம்பு தொட்டியை நோக்கிப் போகும். மீன்களாவது ஓரளவு தாங்கும். இறால்களும் நத்தைகளும் மிகக் குறைந்த செம்பையும் தாங்காதவை. என்னுடைய சின்னத் தொட்டியில் செர்ரி இறால்கள் வந்த பிறகு, அமிலம் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் பித்தளையே வேண்டாம் என்று எல்லா இணைப்புகளையும் பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிட்டேன்.

சைபன் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். அதிலும் சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர், நானும் முன்பு, அந்தக் குழாயை வாயால் உறிஞ்சித்தான் நீரோட்டத்தைத் தொடங்குவோம். ஒரு மிடறு தொட்டி நீரைக் குடித்துவிட்டு முகம் சுளித்துச் சிரித்துக்கொள்வது இந்தப் பொழுதுபோக்கின் சடங்குகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. 1926ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து மைக்கோபாக்டீரியம் மாரினம் என்ற கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமி அது. தொட்டி நீர் வழியாக மனிதருக்கும் வரும். கையில் இருக்கும் சிறு வெட்டோ சிராய்ப்போ போதும். சில வாரங்கள் கழித்து விரலிலோ மணிக்கட்டிலோ ஆறாத முடிச்சு ஒன்று தோன்றும். குணமாக மாதக் கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். இந்தக் கிருமி படலத்துக்குள் நன்றாக ஒளிந்துகொள்ளும், குளோரினுக்கும் எளிதில் மசியாது. குழாய் வேலை செய்யும் நாளில் கையில் காயம் இருந்தால் முழங்கைவரை கையுறை போட்டுக்கொள்கிறேன். சைபனை, முழுக் குழாயையும் தொட்டிக்குள் அமிழ்த்தி நீர் நிரப்பி, கட்டைவிரலால் முனையை அடைத்து வெளியே எடுத்து வாளிக்குள் விட்டுத் தொடங்குகிறேன். கைப்பம்பு வைத்த குழாய்களும் கிடைக்கின்றன. அவற்றின் உள்ளே இருக்கும் ரப்பர் வால்வில் மணல் சிக்கிக்கொண்டு ஆறு மாதத்தில் உயிரை விட்டுவிடுவதால் எனக்கு அவற்றில் பிரியமில்லை.

சைபன் குழாய்க்குள் படலம் கட்டியிருப்பதைக் கடிகாரமே சொல்லிவிடும். 12 மில்லிமீட்டர் குழாயின் சுவரில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் படலம் படிந்தால் விட்டம் 10 மில்லிமீட்டராகக் குறைகிறது. அதனால் நீர் செல்லும் பரப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. உராய்வும் சேர்வதால் நீரோட்டம் அதைவிட அதிகமாகவே குறையும். என் 15 லிட்டர் வாளி, குழாய் சுத்தமாக இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் நிமிடத்தில் நிறையும். இரண்டரை நிமிடத்தைத் தொட்டால் ஸ்பாஞ்சை எடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த இரண்டு குழாய்களைத் தவிர, புதிய மீன்களைத் தனியாக வைக்கும் சிறு தொட்டிக்கு ஒரு மீட்டரில் தனிக் குழாய் வைத்திருக்கிறேன். அதன் இரு முனைகளிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கும். அந்தக் குழாய் வேறு எந்தத் தொட்டியிலும் நனையாது. மருந்தெல்லாம் போட்டு அலசிய பிறகும்கூட நனையாது. இது மிகை என்று நண்பர்கள் சொல்வதுண்டு.

இனி, எந்தக் குழாயை வாங்குவது என்பது. பச்சைத் தோட்டக் குழாயை இனி வாங்க மாட்டேன். உள்ளே நடப்பதை மறைத்துக்கொண்டு வெளியே நல்லவன்போல் இருந்தது அது. கொத்தனார்கள் இரண்டு சுவர்களின் மட்டத்தைச் சரிபார்க்க நீர் நிரப்பிப் பிடிக்கும் லெவல் டியூப் இருக்கிறதே, அதுபோன்ற ஒளிபுகும் குழாய் வன்பொருள் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. மூக்கில் வைத்துப் பார்த்துக் காரமான பிளாஸ்டிக் வாடை அடிக்காததாக, உணவுப் பொருளுக்கு ஏற்றது என்று அச்சிட்டதாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒளிபுகும் குழாயில் பாசி பிடிக்குமே என்று கேட்பார்கள். பாசிக்கு வெளிச்சமும் ஈரமும் இரண்டும் வேண்டும். உலர்ந்த குழாயில் வெளிச்சம் பட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் மாதக் கணக்கில் வெயிலில் தொங்கவிட்டால் பிவிசியின் மென்மை போய், மஞ்சளாகி, வெடிக்கத் தொடங்கும். ஆகவே காலை வெயிலில் இரண்டு மணி நேரம், பிறகு நிழல்.

உலர்ந்த பின் முனைகளைத் திறந்து விடக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை குழாயின் வாயிலிருந்து நீருக்கு முன்னால் ஒரு கரப்பான்பூச்சி தொட்டிக்குள் வந்து விழுந்தது. ஏஞ்சல் மீன்களுக்கு அன்று திருவிழா. இன்னொரு முறை மோட்டார் உறுமியதே தவிர நீர் வரவில்லை. குளவி ஒன்று குழாயின் முனைக்குள் மண்ணைக் குழைத்து வைத்துக் கூடு கட்டி, வாயையும் பூசி மூடியிருந்தது. ஈரமண் எங்கே கிடைக்கும், துளை எங்கே இருக்கும் என்று தேடும் ஜீவனுக்கு, நான் பக்குவமாக உலர்த்தித் தொங்கவிட்ட குழாயைவிட நல்ல வீடு வாய்க்குமா? இப்போது கொசுவலைத் துண்டை இரு முனைகளிலும் ரப்பர் பேண்டால் கட்டிவிடுகிறேன். காற்று போகும், குளவி போகாது.

நீரை விடும்போது முதல் ஒரு லிட்டரைத் தொட்டிக்குள் விடாமல் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றும் பழக்கமும் வந்திருக்கிறது. குழாய் உலர்ந்திருந்தாலும், வெயிலில் சூடேறிய சுவரைத் தொட்டு வரும் முதல் நீர் சுடத்தான் செய்யும். தப்பித்தவறி ஏதேனும் துகள் இருந்தாலும் அதில் வந்துவிடும்.

இவ்வளவு செய்தும் குழாய்கள் என்றைக்கும் நீடிப்பதில்லை. மோட்டாரில் மாட்டும் முனைதான் முதலில் இறுகி, விரிந்து, கசியத் தொடங்கும். அந்த இடத்தில் கிளாம்பை மேலும் முறுக்குவதைவிட, நான்கு விரல் நீளம் வெட்டி எறிந்துவிட்டு, புதிய முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி மாட்டுவது மேல். இளகிய குழாய் தானாகவே கவ்விக்கொள்ளும். இரண்டு ஆண்டில் இப்படி ஏழெட்டு முறை வெட்டியிருக்கிறேன். 10 மீட்டரில் வாங்கிய ஒளிபுகும் குழாய் இப்போது ஒன்பதேகால் மீட்டர்தான் இருக்கிறது. கூடத்தின் கடைக்கோடியில் இருக்கும் இறால் தொட்டிக்கு அது எட்டுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கடைசி முக்கால் மீட்டரை நான் குவளையால் மொண்டு ஊற்றினேன்.